லேத்து தேவசகாயம் கேட்டு நின்ற அனுமதி

போன வியாழக்கிழமை காலை. சாலவாக்கத்திலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலில்தான் திரும்பும். அன்றைக்குத் திரும்பாமல் நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே தலையை நீட்டி, "டீச்சரம்மா, லேத்துக்காரு பூட்டாரும்மா. விடியக்காலம். சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கறாங்களாம். உங்களாண்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

உள்ளே ஆறு மெஷின்களும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. "நிறுத்துங்கடி!" என்று கத்தினேன். எதற்குத் திட்டு விழுகிறது என்று பெண்களுக்குப் புரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேத்துப் பட்டறை வைத்திருந்த திரு. தேவசகாயம் அவர்கள் ஐம்பத்தோராவது வயதில் காலமாகிவிட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்காகவும் தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தெரிந்தவர்களுக்கும் ஒரு விஷயம் தெரியாது. அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது எனக்கு மட்டும்.

அவர் பிறந்தது எங்கள் காவாந்தண்டலம் காலனியில். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தார். மெட்ராஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சில வருஷம் இருந்தார். எழுபதுகளின் நடுவில் அதை விட்டுவிட்டு வந்து, ஒரு பழைய லேத்தை வாங்கிப் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு குடியிருந்தது மனைவியின் ஊரான சாலவாக்கத்தில். நல்ல சம்பளத்தை உதறிவிட்டு வந்தவரைப் பைத்தியம் என்றது ஊர். நானும் ஒருநாள் கேட்டேன்.

"அங்க நாள் பூரா போல்ட்டு கடைவேன் டீச்சர். எந்த போல்ட்டு எந்த வண்டிக்குப் போவுதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். இங்க காலைல கடைஞ்சி மாட்டறேன், சாயங்காலம் வந்து நிக்க வெச்சி திட்டறானுங்க. அது நல்லா கீது" என்றார்.

அவருடைய கதை ஒரு வால்வின் கதை. கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஃபுட்வால்வு தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பம்ப்பு உறிஞ்சும் பைப்பின் அடியில், கிணற்றுத் தண்ணீருக்குள், அது இருக்கும். மோட்டாரை நிறுத்தின பிறகு பைப்பில் ஏறின தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதற்கு வேலை. பிடித்தால், மறுநாள் பட்டனைத் தட்டினதும் தண்ணீர் கொட்டும். பிடிக்காவிட்டால் பைப்பு காலி. பம்ப்பின் வாயில் குடம் குடமாக ஊற்றி நிரப்பினால்தான் எடுக்கும். கரண்ட் வருவதே நாலு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் ஊற்றுவதிலேயே போய்விடும்.

ஊற்றுகிறவர்கள் யார்? நடவுக்கு வந்த பெண்கள்தான். தேவசகாயம் அவர்களின் அம்மா எங்கள் நிலத்தில் அந்த வேலை செய்தவர். எங்கள் கிணற்றுப் படியில் அவர்களைக் கால் வைக்க விடாத காலம் அது. ஏரிக்கால்வாயில் மொண்டு, வரப்பு வழியாகச் சுமந்து வந்து, எங்கள் பம்ப்புக்கு ஊற்றுவார்கள். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். "உங்க நைனா மேல கோவம் இல்ல டீச்சர். அந்தத் தோல் வாசர் மேலதான் கோவம்" என்று சிரிக்கவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோல் வாசர் போட்ட பழைய வால்வு ஒரு சாகுபடிப் பட்டம்கூடத் தாங்காது. அந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனி புது வால்வு கொண்டுவந்தது. உள்ளே தோலுக்குப் பதில் மணி மாதிரி ஒரு ரப்பர் மூடி. குப்பை சிக்கினாலும் தானே உதறிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அருமையான பொருள், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வாங்குவது பெரும்பாடு. மெட்ராஸில் ஒரே டீலர். பட்டம் நெருங்கும்போது போய் நின்றால் "சரக்கு இல்ல, பேர் குடுத்துட்டுப் போ" என்பான். ரப்பர் தேய்ந்தால் ரப்பரை மட்டும் தரமாட்டான், முழு வால்வையும் வாங்க வேண்டும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். சரி, போட்டிக்கு வேறு யாராவது செய்து விற்கலாமே என்றால் முடியாது. பேட்டன்ட் இருக்கிறது. கண்டுபிடித்தவனைத் தவிர வேறு யாரும் இத்தனை வருஷத்துக்கு அதைச் செய்யக் கூடாது என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த உரிமை அது.

தேவசகாயம் அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு வால்வை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அதே மாதிரி செய்தார். பாதி விலைக்கும் கீழே கொடுத்தார். இரண்டு வருஷத்தில் உத்திரமேரூரைச் சுற்றிக் கிணறு கிணறாக அவர் வால்வுதான் இறங்கியது. எங்கள் கிணற்றிலும்தான்.

அப்புறம் வந்தது ரிஜிஸ்டர் தபால். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இங்கிலீஸ்ல கீது. வாசிச்சி சொல்லுங்க டீச்சர். ஒண்ணும் வுடாதீங்க."

நாலு பக்க வக்கீல் நோட்டீஸ். உரிமையை மீறிச் செய்தீர், எங்கள் உழைப்பில் லாபம் பார்த்தீர், உடனே நிறுத்தாவிட்டால் வழக்கு, நஷ்ட ஈடு என்று போனது.

"சுத்தி வளைக்காதீங்க. திருடன்னு போட்டுகீறானா?"

"அந்த வார்த்தை இல்லண்ணா."

"அர்த்தம்?"

எனக்கு வாய் நீளம் என்பது பஜார் முழுக்கத் தெரிந்த சமாசாரம். வட்டிக்கடைக்காரரிடமும் சண்டை போடுவேன், தாசில்தார் ஆபீஸ் பியூனிடமும் சண்டை போடுவேன். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவரே பேசினார்.

"பாத்துதான் செஞ்சேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். அது அவன் மூளை. ஆனா அவனும் குடுக்க மாட்டான், என்னையும் செய்ய வுட மாட்டான்னா, பைப்பு காலியா கீதே, அதுக்கு இன்னா வழி?"

வழி கேட்டுக் காஞ்சிபுரத்துக்குப் போனோம். இங்கிலீஷ் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார், கூட அவர் மனைவி எஸ்தரும் வந்தார். அங்கே ஒரு இளம் வக்கீல் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு விளக்கினார். பேட்டன்ட் கொடுத்து மூன்று வருஷம் போன பிறகும் ஜனங்களின் தேவை தீரவில்லை, அல்லது நியாயமான விலைக்குக் கிடைக்கவில்லை என்று காட்டினால், யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். கம்பெனி ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பேட்டன்ட் ஆபீஸ் அதிகாரி அனுமதி கொடுக்கலாம். கம்பெனிக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு நாம் செய்து விற்கலாம். கட்டாய உரிமம் என்று அதற்குப் பெயர்.

திரும்பும்போது ஓரிக்கை தாண்டிப் பாலாறு வந்தது. மணலையே பார்த்துக்கொண்டு வந்தவர் சட்டென்று சொன்னார்: "வாசப்படின்னு ஒண்ணு கீதுன்னு எவனும் சொல்லலியே டீச்சர். நான் பாட்டுக்கு செவுரேறிக் குதிச்சிக்கினு கீறேன்."

அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்குப் பிறகு அவரிடம் நான் பார்க்கவில்லை. லாபம் இல்லை அவர் கேட்டது. கம்பெனிக்குப் பங்கு போனால் மிச்சம் கொஞ்சம்தான், அதுவும் அவருக்குத் தெரியும். திருடன் இல்லை, கேட்டுச் செய்கிறவன் என்று சர்க்கார் முத்திரை போட்ட ஒரு காகிதம் வேண்டும். அவ்வளவுதான். அந்த வாரமே பட்டறைக்கு நீலத்தில் ஒரு போர்டு எழுத வைத்தார். மேலே பேர், நடுவில் தொழில். கீழே ஒரு வரி அளவுக்கு இடத்தைக் காலியாக விடச் சொன்னார். பெயின்டர் ஏன் என்று கேட்டாராம். "அனுமதி பெற்றதுன்னு எய்தணும். வரட்டும்" என்றாராம்.

வக்கீல் ஒரு நிபந்தனை போட்டார். செய்துகொண்டே போய்ச் செய்ய அனுமதி கேட்டால் யார் மதிப்பார்கள்? தீர்ப்பு வரும்வரை ஒரு வால்வுகூடச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உறுதிமொழியை நான்தான் டைப் அடித்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். வால்வு அச்சுகளையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினார். வண்டி அச்சும் கலப்பையுமாக வேலை ஓடியது.

கம்பெனி சும்மா இருக்குமா? ஜீப்பில் ஒருவர் ஊர் ஊராக வந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து, "வால்வு விஷயத்துல உங்க ஊருக்குக் குறை ஏதாவது உண்டுங்களா?" என்று கேட்டு, சொன்னதை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காகிதங்களின் நகல் எங்கள் வக்கீலிடம் வந்தது. பதில் அடிக்க உட்கார்ந்த நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 'எங்கள் கிராமத்தில் வால்வுக்கு யாதொரு குறையும் இல்லை.' எல்லாவற்றிலும் அதே வரி. நாலாவது காகிதத்தின் அடியில் எங்கள் நைனாவின் கையெழுத்து.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் காவாந்தண்டலம் போனேன். "இன்னா நைனா இது?" என்று காகிதத்தை நீட்டினேன்.

"அந்த ஜீப்புக்காரரா? நல்ல மன்சன்மா. ஒக்கார வெச்சி மோர் குடுத்தேன். கொறை கீதான்னு கேட்டாரு. ஒரு கொறையும் இல்லன்னேன்."

"ஏன் அப்டி சொன்னே?"

"வூடு தேடி வந்தவராண்ட மூக்கால அழுவாங்களா? கண்ணாலத்துல சம்மந்தி வந்து எதனா கொறை கீதான்னு கேட்டா, சாம்பார்ல உப்பு இல்லன்னா சொல்லுவோம்?"

"இது கண்ணாலம் இல்ல நைனா, கேஸு!"

"கேஸோ கண்ணாலமோ, நான் பொய் ஒண்ணும் சொல்லலியே. நம்ம தேவசகாயம் போட்ட வால்வு கல்லாட்டம் ஒக்காந்துகீது. எனக்கு இன்னா கொறை?"

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? குறை இல்லாததற்குக் காரணமே தேவசகாயம் அவர்கள்தான். அதை யாரும் எழுதவில்லை, கேட்கவும் இல்லை. அத்தனை பேரும் வந்தவர் மனம் கோணக் கூடாது என்று, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், அவர் வயிற்றில் அடித்துவிட்டார்கள். பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என் வேலையே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது பாருங்க டீச்சர்" என்றார்.

வக்கீல் பயப்படவில்லை. இவர் செய்யாமல் இருந்தால் ஒரே பட்டத்தில் குறை வெளியே தெரிந்துவிடும், பொறுங்கள் என்றார். நவரைப் பட்டம் வந்தது. ரப்பர் தேயாமல் இருக்குமா? ஒவ்வொரு கிணறாக வால்வு ஒழுக ஆரம்பித்தது. மெட்ராஸ் டீலர் வழக்கம்போல் மூன்று வாரம் என்றான். எல்லாரும் பட்டறைக்கு ஓடி வந்தார்கள். இவர் கையைக் கூப்பினார். "எய்திக் குடுத்துகீறேங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பொறுத்துக்கொள்வார்களா? பெரிய ஆளாகிவிட்டான், கேஸ் போட்டுக் கம்பெனி முதலாளி ஆகப் போகிறான் என்று வாசலில் நின்று பேசினார்கள். சாதியைச் சொல்லியும் திட்டினார்கள். அதை நான் எழுத மாட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கலப்பைக் கொழுவைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

வயலில் பெண்கள் மறுபடியும் குடம் தூக்கினார்கள். எங்கள் வக்கீல் ஜீப்புக்காரர் மாதிரி வீடு வீடாகப் போகவில்லை, காலனிக்குப் போனார். ஒரு அம்மா அவரிடம் சொன்னதை நானும் எழுதிக்கொண்டேன். "எங்கள எவன் வந்து கொறை கீதான்னு கேட்டான்? நீ கேட்டியே, எய்திக்கோ. நடவு நட வந்தோம், கொடம் சொமந்துக்கினு கீறோம். ஊத்தி முடிக்கறதுக்குள்ள கரண்ட்டு பூடுது. கரண்ட்டு பூட்டா கூலியும் பூடுது." வக்கீல் பேனாவை மூடிவிட்டு, "இதுதாம்மா கேஸு" என்றார். ஜெயித்துவிடுவோம் என்று எல்லாருக்குமே தோன்றிவிட்டது.

இனி எழுதப் போவதுதான் யாருக்கும் தெரியாதது.

எங்கள் நைனா முந்தின வருஷம்தான் நெஞ்சு வலி வந்து பிழைத்தவர். எங்கள் வால்வும் போனது. ஆள் கிடைக்கவில்லை. நாற்றங்கால் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தானே குடம் எடுத்து ஊற்ற ஆரம்பித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது வரப்பில் உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. குடம் பக்கத்தில் உருண்டு கிடந்தது. "ஒண்ணுமில்லம்மா, சித்த மூச்சு வாங்குது" என்றார்.

மறுநாள் மத்தியானம் பட்டறைக்குப் போனேன். "தேவண்ணா, நைனாவுக்கு ஒண்ணு" என்றேன்.

கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். "டீச்சர், அந்தப் பேப்பர் நீங்கதானே அடிச்சீங்க?"

"ஆமா."

"விசாரணைக்கு இருவது நாள்கூட இல்ல."

"தெரியும். தெரிஞ்சிதான் கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் தெரியாம."

நான் அழுதேன். வேஷம் இல்லை, நிஜமாகவே அழுதேன். ஆனால் அழுதால் அவர் மறுக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

"யாருக்கும் தெரியாமன்னா வேணாம் டீச்சர். அதான் திருட்டு. செஞ்சா தெரிஞ்சே செய்றேன்" என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து சாக்கை இறக்கினார்.

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். சைக்கிளில் அவரே எடுத்துவந்து, அவர் அம்மாவைக் கால் வைக்க விடாத எங்கள் கிணற்றுப் படியில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று மாட்டினார். ஈரம் சொட்ட மேலே வந்து, "தட்டுங்க நைனா" என்றார். கரண்ட் இருந்தது. தண்ணீர் கொட்டியது. நைனா வீட்டுக்குள்ளிருந்து காபியை எடுத்துவந்து, நாங்கள் குடிக்கும் டம்ளரிலேயே, இரண்டு கையாலும் கொடுத்தார். அப்படி அவர் கொடுத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பட்டறை வாசலில் ஏழெட்டுப் பேர். காவாந்தண்டலத்தில் தண்ணீர் ஓடுவது பக்கத்து வயலுக்குத் தெரியாமல் போகுமா? அவர்கள் கேட்டதற்கெல்லாம் செய்துகொடுத்தார். நான் பதறிப் போய், "ஐயோ தேவண்ணா, வேணாம், நிறுத்துங்க" என்றேன். "ஒருத்தருக்குக் குடுத்துட்டு மத்தவங்கள இல்லன்னு சொன்னா, எனக்கும் அந்த டீலருக்கும் இன்னா வித்தியாசம் டீச்சர்?" என்றார்.

மெட்ராஸில் விசாரணை. நான் பைல்களை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி வக்கீல் எழுந்து மேஜை மேல் ஒரு வால்வை வைத்தார். புத்தம் புதுசு. அதிகாரி வயதானவர், பொறுமையாகத் தமிழிலேயே கேட்டார். "இது உங்க வேலையா?"

பழசு என்று சொல்லுங்கள் என எங்கள் வக்கீல் காதோடு காதாகச் சொல்லியிருந்தார். இவர் வால்வைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்னுதுதான் சார்."

"எழுதிக் கொடுத்த பிறகு செஞ்சதா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"கேட்டாங்க, செஞ்சேன் சார்."

"யார் கேட்டது?"

அவர் திரும்பவில்லை. என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. "தண்ணி இல்லாதவங்க சார்" என்றார்.

அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்து, "இவர் தரப்பில் வேறு யாராவது சொல்ல வேண்டியது உண்டா?" என்று கேட்டார்.

நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து, "நான்தான் சார் கேட்டேன். எங்கப்பா குடம் ஊத்தியே செத்திருப்பாரு. குறை இல்லன்னு அவர் எழுதிக் கொடுத்தது மோர் கொடுத்த மரியாதைக்கு. குறை இதுதான் சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கையில் இருந்த சாட்சியிலேயே பெரிய சாட்சி அதுதான். சொன்னால் நைனா பொய்க் கையெழுத்துப் போட்டவர் என்றாகும், உறுதிமொழியை அடித்தவளே அதை மீறத் தூண்டினாள் என்றாகும், இன்ஸ்டிட்யூட்டுக்கு யார் பெண்களை அனுப்புவார்கள் என்று என்னென்னவோ ஓடியது மனதில். ஊரெல்லாம் நீளம் என்று சொல்லும் வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அதிகாரி பேனாவை எடுத்தார்.

கொடுத்த வாக்கை மீறியிருக்கிறார், அவரே செய்து கொடுக்கிறபோது தீராத தேவை என்று சொல்வதற்கும் இடமில்லை என்று மனு தள்ளுபடியானது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். இன்னொருவன் மனுப் போட்டுவிடுவானோ என்று பயமோ என்னவோ, கம்பெனி உத்திரமேரூர் பஜாரிலேயே கடை திறந்தது. ரப்பரைத் தனியாக விற்றது. விலை இறங்கியது. கேட்டவுடன் கிடைத்தது. ஜனங்களுக்கு நல்லதுதான் நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "வெல எறங்கிச்சில்ல டீச்சர்? கொடம் தூக்கறது நின்னுச்சில்ல? அப்புறம் இன்னா?" என்றார் அவர். அதைச் சொல்லும்போதுகூடப் போர்டுப் பக்கம் அவர் கண் போகவில்லை. அந்த ஒரு வரி இடம் காலியாகவே இருந்தது. வெயிலில் நீலம் வெளுத்தது. வேறு எதையாவது எழுதலாமா என்று பெயின்டர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு வருஷம் போல நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கமே போகவில்லை. சுற்றிக்கொண்டு போவேன். அவர்தான் ஒருநாள் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். "இன்னா டீச்சர், ஆளையே காணமே? மெஷின் ரிப்பேர்னா சொல்ல மாட்டீங்களா?" என்று உட்கார்ந்து, மூன்றாவது மெஷினின் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார். நான் மெல்ல, "தேவண்ணா, அன்னிக்கி மெட்ராஸ்ல..." என்று ஆரம்பித்தேன்.

"மெட்ராஸ்ல வெயிலு ஜாஸ்தி டீச்சர். வுடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் இருந்த அத்தனை வருஷத்தில், நானும் அவரும் அதைப் பேசவில்லை. நைனா நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அப்போதாவது பேசியிருக்கலாம். காக்க வேண்டிய பேர் எதுவும் மிச்சம் இல்லையே. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். போன மாசம் மஞ்சள் காமாலை என்றார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "பொண்ணுங்க பரிட்சை இன்னா ஆச்சி?" என்று விசாரித்தார். அன்றைக்கும் சொல்லவில்லை பாவி நான்.

வியாழக்கிழமை சாலவாக்கத்தில் கூட்டம் தாங்கவில்லை. வாசலில் நின்று சாதியைச் சொல்லித் திட்டினவர்களும் வந்து கல்லறைத் தோட்டம் வரை நடந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு எஸ்தர் அவர்கள் என்னை உள்ளே கூப்பிட்டு, துணியில் சுற்றியிருந்த ஒன்றைக் காட்டினார். வால்வுக்குப் புதுசாகச் செதுக்கின மர அச்சு. ஓரத்தில் 'தே' என்று அவர் எழுத்து.

"அடுத்த வருசம் அந்த பேட்டன்ட்டு முடியுதாமே டீச்சர்? அப்புறம் யாரையும் கேக்கத் தேவலயாமே? மாசத்த எண்ணிக்கினு இருந்தாரு" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டது நான்தான், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததும் நான்தான் என்றேன். எஸ்தர் அவர்கள் வெகு நேரம் அழுதார். பிறகு, "அவரு எங்கிட்டகூட ஒங்க பேரச் சொல்லலியே" என்றார். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை என்னால்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே காவாந்தண்டலம் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குள் போகவில்லை, நேராகப் பம்ப்பு ஷெட்டுக்குப் போனேன். அறுப்பு முடிந்து மோட்டார் போட்டுப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். குடம் எதுவும் எடுக்காமல் பச்சைப் பட்டனைத் தட்டினேன். மோட்டார் ஒரு முனகல் முனகியது. உடனே தண்ணீர் வந்தது. அன்றைக்கு அவர் இறங்கி மாட்டின அதே வால்வு, நடுவில் ரப்பரை மட்டும் மாற்றினது, இத்தனை நாளும் ஒரு சொட்டுக்கூடக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இதை நானே டைப் அடித்திருக்கிறேன். அடியில் என் பேரைப் போட்டுக் கையெழுத்தும் போடுகிறேன். அந்த அதிகாரி ஐயா இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. இவர் தரப்பில் வேறு யாராவது சொல்ல வேண்டியது உண்டா என்று கேட்டீர்களே சார். உண்டு. கேட்டது நான்தான்.

போய் வாங்க தேவண்ணா.

கா. சகுந்தலா
உத்திரமேரூர்